கேரவன் வண்டிகளுக்குக் கழிவுத்தொட்டி காலிசெய்யும் இடமும் இரவு நிறுத்துமிடமும் கோரும் மனு

அனுப்புநர்:
கேரவன் வண்டி வைத்திருப்போர் மற்றும் கட்டுவோர்,
பொள்ளாச்சி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: பொள்ளாச்சி–ஆழியாறு சாலையிலும் மேட்டுப்பாளையத்திலும் கேரவன் வண்டிகளுக்கு அடிப்படை வசதி செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உள்ளேயே படுக்கையும் கழிவறையும் வைத்து வால்பாறைக்கும் ஊட்டிக்கும் போகிற கேரவன் வண்டிகள் பெரும்பாலும் அடிவாரத்தில்தான் இரவு நிற்கின்றன. படுக்க இடம் எப்படியும் கிடைத்துவிடும். பெட்ரோல் பங்க், மண்டப வாசல், தோப்போரம் என்று எங்காவது ஒதுங்கிக்கொள்ளலாம். கழிவைக் கொட்டத்தான் இடமில்லை. ஆகவே அதையே முதலில் கேட்கிறோம்.

வண்டிக் கழிவறைக்கு அடியில் இழுத்தெடுக்கும் பெட்டி ஒன்று இருக்கும். 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும், நான்கு பேர் என்றால் ஒன்றரை நாள்கூடத் தாங்காது. நிரம்பியதும் சிலர் அதை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்காலில் கவிழ்க்கிறார்கள். கீழ்மடையில் மாடு குடிக்கிற தண்ணீர் அது. பொதுக் கழிப்பறையில் ஊற்றலாமே என்று தோன்றலாம். நாற்றத்துக்காகப் பெட்டியில் விடும் நீல மருந்துகள் சிலவற்றில் பார்மால்டிஹைடு இருக்கிறது. கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்களையே அது கொன்றுவிடும். பல வண்டிகள் தொடர்ந்து ஊற்றினால் செப்டிக் டேங்க் செத்து, கசடு தேங்கிப் பொங்கும். இதற்கென மூடிய தனித்தொட்டி தேவைப்படுவது அதனால்தான்.

அமைப்பு பெரிய வேலையல்ல. 3 மீட்டருக்கு 3 மீட்டர் கான்கிரீட் தளம், நடுவை நோக்கிச் சரிவு, நடுவில் மூடியுள்ள வாய், அங்கிருந்து 6 அங்குலக் குழாய். மழைத்தண்ணீர் உள்ளே போகாதபடி சுற்றிலும் சிறு திட்டு. பெட்டியை அலச ஒரு குழாய் வேண்டும். குடிநீர்க் குழாய் அதிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் அலசிய ஹோசையே குடிநீர்த் தொட்டியில் செருகிவிடுவார்கள். அலசும் குழாயில் தண்ணீர் திரும்பாத வால்வும் அவசியம்.

10 வண்டி நின்றால், அலசும் தண்ணீரோடு வண்டிக்கு 30 லிட்டர் என்று நாளைக்கு 300 லிட்டர் சேரும்; 10,000 லிட்டர் தொட்டி ஒரு மாதம் தாங்கும். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சி எடுத்துப்போகட்டும். ஆள் இறங்கத் தேவையே வராதபடி லாரிக் குழாய் சேரும் வாயை வெளியிலேயே வைக்க வேண்டும். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீரை இதில் விடக்கூடாது, தொட்டி பத்து நாளில் நிரம்பிவிடும். அதை எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகக் கல்வாழை வைத்த உறிஞ்சுகுழிக்கு விட்டால் போதும்.

நிறுத்துமிடம் கிராவல் கொட்டி இறுக்கிய தரையாக இருக்கட்டும். கரிசல் மண்ணில் ஒரு மழைக்கே மூன்று நான்கு டன் வண்டி அச்சுவரை இறங்கிவிடும். சரிவும் கூடாது, கேஸில் ஓடும் பிரிட்ஜ் சாய்ந்து நின்றால் உள்ளே அம்மோனியா ஓட்டம் தடைபட்டுக் குளிராது. தீ பரவாதிருக்க வண்டிக்கு வண்டி 6 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் 16 ஆம்பியர் பிளக், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வேண்டும். தென்னைக்கு அடியில் இடம் ஒதுக்க வேண்டாம் என்று பொள்ளாச்சியில் சொல்லத் தேவையில்லை. ஆனால் நிழலைப் பார்த்து முதலில் அங்கேதான் நிறுத்துவார்கள். ஓடைப் பள்ளங்களும் ஆகாது: மலையில் பெய்த மழை, இங்கே தூறல்கூட இல்லாதபோது வந்து சேரும்.

இரவு நிறுத்தத்துக்கு விதிகளையும் தாங்களே அறிவிக்க வேண்டும். பொழுது சாய வந்து காலையில் கிளம்புவது, ஒரே இடத்தில் ஓர் இரவுக்கு மேல் நிற்காதது, வெளியே பந்தலும் நாற்காலியும் போடாதது, தரையில் தீ மூட்டாதது, இரவு 10 முதல் காலை 6 வரை ஜெனரேட்டரும் பாட்டும் இல்லாதது. தனியார் தோட்டமானால் தோட்டத்துக்காரரிடம் கேட்ட பிறகே நுழைய வேண்டும். வண்டித்தடத்தையும் வாய்க்கால் கரையையும் அடைக்கக்கூடாது. விடியற்காலையில் பால் வண்டியும் நீர்ப்பாசன ஊழியரும் அதே வழியில்தான் வருவார்கள். மீறுவோருக்கு அபராதம் விதித்தால் நாங்கள் எதிர்க்க மாட்டோம்.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இரவு தங்க அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. சத்தியமங்கலம் காட்டில் ஆசனூர்ப் பக்கம் காரப்பள்ளம் சோதனைச்சாவடியில் கரும்பு லாரிக்குக் காத்துநிற்கும் யானைகளை எல்லோரும் அறிவர். பழமும் வெல்லமும் வைத்த வண்டி இரவில் காட்டோரம் நின்றால் அதுவே நடக்கும். பின்பக்கம் நீண்ட வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்தவும் இந்த இடம் உதவும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அவை திரும்பமுடியாமல் நின்று பஸ்ஸை மறிப்பது தவிரும். அவற்றில் வந்தவர்கள் அரசுப் பேருந்தில் மேலே போய்வரலாம்.

இலவசம் வேண்டாம். நாள் கட்டணம் வசூலித்து ஒரு பராமரிப்பாளரை அமர்த்தாவிட்டால் தொட்டி நிரம்பியதும் பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

வருவாய், உள்ளாட்சி, வனத்துறை அலுவலர்கள் கூட்டாய்வு செய்து, காட்டு எல்லைக்கு வெளியே இரண்டு புறம்போக்கு இடங்களைத் தேர்வு செய்ய ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இடம் பார்க்கும் அன்று வண்டியைக் கொண்டுவந்து பெட்டியைக் கழற்றி, காலிசெய்யும் முறையைச் செய்துகாட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: பொள்ளாச்சி