ஜாமீன் கிடைக்கும் மாலையில் மாத்திரையும் கையில் இருக்கட்டும்

தமிழகச் சிறைகளின் கண்காணிப்பாளர்களுக்கும் சிறை மருத்துவ அலுவலர்களுக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சையில் (ஏ.ஆர்.டி.) பணிபுரியும் மருத்துவர்களும் ஆலோசகர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்தியாவில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் சுமார் 0.2 சதவீதம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் எடுத்த கணக்கில் சிறைவாசிகளிடையே அது 1.93 சதவீதம். பரிசோதனை முகாம்கள் அவசியம்தான். ஆனால் தொற்று தெரிந்த பிறகும் மாத்திரை மூன்று இடங்களில் அறுந்துபோகிறது: கைதாகி உள்ளே வரும்போது, வேறு சிறைக்கு மாறும்போது, ஜாமீனில் வெளியேறும்போது. எங்கள் கவலை அதைப் பற்றியது.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் திடீரெனக் கைதானால் மாத்திரை வீட்டிலேயே தங்கிவிடும். பையில் இருந்தாலும் வாசல் சோதனையில் பறிபோகலாம். வார்டர் காதில் விழும் என்று பயந்து அவரும் வாய் திறக்கமாட்டார். அதனால் முதல் நாள் மருத்துவப் பரிசோதனையில், பக்கத்தில் காவலர் இல்லாமல், எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எங்கே வாங்குகிறீர்கள்?" சர்க்கரை, வலிப்பு, டிபி, எச்.ஐ.வி. எல்லாமே இந்த ஒரு கேள்வியில் வெளிவரும். ஏ.ஆர்.டி. என்று தெரிந்தால் அவருடைய மையத்தை அன்றே தொலைபேசியில் அழையுங்கள். பதிவு எண், மருந்து, கடைசி வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) எல்லாம் அங்கே இருக்கும். மருந்து நின்ற சில வாரங்களிலேயே இரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறிவிடும். ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஏ.ஆர்.டி. மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கி வைக்கும் மருந்து. திடீரென நின்றால் கல்லீரல் அழற்சி மூளலாம்.

புதிதாகப் பரிசோதிக்கும்போது ஒப்புதல் கட்டாயம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சிறைக்கும் பொருந்தும். வரிசையில் நிறுத்தி விரலை நீட்டச் சொல்வது ஒப்புதல் ஆகாது. விரல்நுனி ரத்தச் சோதனையில் 'ரியாக்டிவ்' (தொற்று இருக்கலாம் என்ற முதல்கட்ட முடிவு) வந்ததும் நோய் உறுதியாகிவிடாது. நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) மூன்று வெவ்வேறு கிட்களால் உறுதிசெய்த பிறகே முடிவைச் சொல்ல வேண்டும். 'நெகட்டிவ்' வந்தவருக்கு அண்மையில் தொற்று வாய்ப்பு இருந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்யுங்கள்.

இப்போது பெரும்பாலோருக்கு ஒரே மாத்திரைதான்: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம். எனவே காலையில் அறை திறந்ததும் கொடுப்பதே நல்லது. தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. டிபிக்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை வேண்டும். ரிஃபாம்பிசின் நின்று இரண்டு வாரம் வரை அது தொடர வேண்டும். அந்த இரண்டாவது வேளை மாலை லாக்கப்புக்குப் பிறகு, அதாவது அறைகளைப் பூட்டிய பிறகு, வந்துவிடுகிறது, அதனாலேயே விடுபடுகிறது. லாக்கப்புக்கு முன்பே அதைக் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்தது வயிற்றெரிச்சல் மாத்திரை. அலுமினியம், மெக்னீசியம் கலந்தவை டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோதான் ஏ.ஆர்.டி. கொடுக்க வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தனி பிளாக்கில் வைக்காதீர்கள். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தனி பிளாக் ஒன்று இருந்தாலே யாரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வழிக்காவலுக்குத் தரும் கடிதத்திலும் நோயின் பெயர் வேண்டாம்.

எங்களை அதிகம் வருத்துவது விடுதலை. தண்டனைக் கைதி வெளியேறும் தேதி முன்கூட்டியே தெரியும். ஆனால் 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு மாலையில் வந்து சேரும்போது மருந்தாளுநர் வீட்டுக்குப் போயிருப்பார், ஆலோசகரும் இருக்கமாட்டார். மனிதர் வெறுங்கையோடு பேருந்து ஏறுகிறார். இதற்கு வழி ஒன்றுதான்: சிகிச்சை தொடங்கிய அன்றே ஒரு விடுதலைப் பொதியைத் தயாராக வைப்பது. 30 மாத்திரை உள்ள ஒரு புட்டி, ஏ.ஆர்.டி. புத்தகத்தின் நகல், எந்த மையத்திலும் சேர உதவும் மாற்றுக் கடிதம் மூன்றையும் ஒட்டிய உறையில் போடுங்கள். மேலே கைதி எண் மட்டும் இருக்கட்டும். வாசல் அலுவலகத்தில் உடைமைகளோடு அது காத்திருக்க வேண்டும். காலாவதி தேதியை மாதம் ஒருமுறை பார்த்து, தேவையானால் புட்டியை மாற்றுங்கள். வேறு சிறைக்கோ கிளைச் சிறைக்கோ மாற்றும்போதும் வழிக்காவலோடு அந்த உறையே போகட்டும்.

இது சலுகை அல்ல. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, விசாரணைக் கைதி உட்பட அரசின் காவலில் உள்ள எவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் உரிமை என்கிறது.

உங்கள் சிறையில் இப்போது ஏ.ஆர்.டி. எடுப்பவர் எத்தனை பேரோ, அத்தனை கூடுதல் புட்டிகளைக் கேட்டு உங்கள் மாவட்ட மையத்துக்கு இந்த மாதமே எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.