சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு வெளியூர் கிளம்புகிறவர்கள் வளர்ப்பு நாயை வீட்டில் தனியாக விட்டுச் செல்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேரம் குறித்து வைத்தால் தானே தீனி கொட்டும் கருவி, செல்போனில் பார்க்கக் கேமரா, ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று வாங்க வேண்டிய சாமான்களையெல்லாம் படத்தோடு போட்டிருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால், கதவைத் திறந்து உள்ளே போய் அந்த நாயைப் பார்க்கப்போகிற ஆள் யார் என்பது மட்டும் கட்டுரையில் எங்கு தேடியும் அகப்படவில்லை.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் ஊசி போடும்போது நாயின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் எங்களுக்கு எப்போதும் கூட்டம்தான். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகம் பெயர்ந்த பாதங்களை உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறேன். விரலிடுக்கில் மரச் சிராய் ஏறியிருக்கும். கதவின் பெயிண்ட் துணுக்கு ரத்தத்தோடு காய்ந்து ஒட்டியிருக்கும். தாடைக்குக் கீழே முடியெல்லாம் எச்சில் ஊறி, பிறகு உலர்ந்து, விறைத்துக் கிடக்கும். “வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது டாக்டர், ஒரு வாய்கூடத் தொடவில்லை” என்பார் கூட்டிவந்தவர். கருவி என்னவோ நேரம் தவறாமல்தான் கொட்டியிருக்கும்.

பயந்துபோன நாய்க்குத் தீனி இறங்காது. இதைப் பிரிவுப் பதற்றம் என்பார்கள் மருத்துவர்கள். வீட்டுக்காரர் கிளம்பிய முதல் அரை மணிக்குள்ளேயே பெரும்பாலும் ஆரம்பித்துவிடும். மூச்சிரைப்பு, வாயில் எச்சில் ஒழுகுவது, வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பது, குரைப்பு, ஊளை, அதுவரை ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்த நாய் வீட்டுக்குள்ளேயே மலஜலம் கழித்துவிடுவது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காதில் விழுவது குரைப்பு மட்டும்தான். அதனால் அவர் நாயைத் திட்டுகிறார். திரும்பி வந்த வீட்டுக்காரரோ கிழிந்த மெத்தையைப் பார்த்துவிட்டு, “விட்டுட்டுப் போனதுக்குப் பழி வாங்கியிருக்கு, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது” என்கிறார். அந்த மூஞ்சியைப் பற்றி அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார். தப்பு செய்த நாயும் செய்யாத நாயும் ஒரே மாதிரிதான் முகத்தைத் தொங்கப் போட்டன. எஜமானர் திட்டினாரா இல்லையா என்பதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். ஆக, நாம் குற்ற உணர்வு என்று நினைப்பது நம் குரலுக்கு வந்த பயம். மெத்தை கிழிந்து பல மணி நேரம் கழித்துத் திட்டினால் அது எதற்காக என்று நாய்க்குப் புரியாது. அடுத்த தடவை நீங்கள் வரும் சத்தம் கேட்டாலும் அது நடுங்கும், அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு நேரம் விடலாம்? எங்கள் டாக்டர் குட்டிக்குச் சொல்லும் கணக்கு, வயது எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதனால் சிறுநீரை அடக்க முடியும் என்பது. வளர்ந்த நாயை ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேல் தனியே விட வேண்டாம் என்று பிரிட்டனின் ஆர்.எஸ்.பி.சி.ஏ. போன்ற விலங்கு நல அமைப்புகள் சொல்கின்றன. சுவீடனில் இதற்கு விதியே இருக்கிறது: பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். ‘நாய்க்கு நேரமாவது, காலமாவது’ என்பவர்களுக்கு அதே நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வைச் சொல்கிறேன். 2011-இல் வெளியானது. வீட்டில் தனியாக விடப்பட்ட 12 நாய்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். அரை மணியில் திரும்பிய எஜமானரைவிட, இரண்டு மணி கழித்து வந்தவரை அவை அதிகமாக வாலாட்டி, அதிகமாகச் சுற்றிவந்து வரவேற்றன. நேரம் போனது அதற்கு ஏதோ ஒரு வகையில் தெரிகிறது.

‘ஒரு ராத்திரிதானே’ என்று சிலர் சொல்வார்கள். ஒரு ராத்திரியும் கூடாது என்பதுதான் என் கட்சி. தொட்டி கவிழ்ந்தால் தண்ணீர் போயிற்று. மின்சாரம் நின்றால் கருவி, கேமரா, மின்விசிறி மூன்றும் சேர்ந்து நிற்கும். நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூடிய அறையில் தண்ணீரும் இல்லாமல் அது எவ்வளவு நேரம் தாங்கும்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் நம்ப மாட்டார்கள். வறுவல் வரும் பளபள பாக்கெட்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போவீர்கள். அடியில் ஒட்டிய துணுக்குக்காக நாய் தலையை உள்ளே விடும். அது மூச்சு இழுக்கும்போது பாக்கெட் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். காலால் தள்ளினாலும் கழலாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதைக் கேமராவில் பார்த்து என்ன செய்ய? பாக்கெட்டைக் கிழித்து விரித்துப் போடுங்கள், கூடையை அலமாரிக்குள் வைத்துச் சாத்துங்கள். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லாத சூயிங்கம், நாம் விழுங்கும் வலி மாத்திரை, இவையெல்லாம் நாய்க்கு விஷம், எதுவும் மேசை விளிம்பில் இருக்கக் கூடாது.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ஊருக்குப் போகும் அன்றைக்கு வாங்காமல் மாதக் கணக்கில் முன்னாலேயே வாங்குங்கள். நாய்க்கு மிகவும் பிடித்த தீனியை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து வைத்துவிட்டு அரை மணி வெளியே போய் வாருங்கள். வந்து படத்தைப் பாருங்கள். தின்றுவிட்டுத் தூங்கியிருந்தால் கவலையில்லை. தீனியைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருந்து, நீங்கள் வந்த பிறகு தின்றால் அந்த நாய் இன்னும் தனிமைக்குப் பழகவில்லை என்று அர்த்தம். சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது எல்லாம் அதற்கு அபாயச் சங்கு. சாவியை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடியுங்கள். பிறகு வாசலைத் தாண்டி ஒரு நிமிடம், அப்புறம் ஐந்து நிமிடம். அது பதறத் தொடங்குவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். கிளம்பும்போது கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடும் வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கிவிடலாம் என்று மருத்துவமனை வராந்தாவில் வைத்தே திட்டம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேடுவது மனிதரை. இன்னொரு நாய் வந்தால் சில சமயம் இரண்டாக ஊளையிடும். கூண்டில் அடைத்துவிட்டுப் போவதும் பழகிய நாய்க்குத்தான் சரிப்படும். பதறுகிற நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். பாட்டு போட்டுவிட்டுப் போவதில் தப்பில்லை. நாய்க் காப்பகங்களில் பார்த்ததில் மேற்கத்திய சாஸ்திரிய இசை கேட்ட நாய்கள் அதிகம் படுத்து ஓய்வெடுத்தன என்று 2002-இலேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. முற்றிவிட்ட பதற்றத்துக்கு மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் க்ளோமிப்ரமினுக்கு 1998-லும் ஃப்ளூவாக்சடினுக்கு 2007-லும் இதற்காகவே அனுமதி கொடுத்தார்கள். பயிற்சியோடு சேர்த்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் தர வேண்டும். ஊருக்குப் போகிற அன்று காலையில் ஓடி வந்து “மயக்க மாத்திரை ஏதாவது கொடுங்க டாக்டர்” என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

இப்போது ஆள் விஷயம். எங்கள் அடுக்குமாடியில் சில வீட்டுச் சாவிகள் என் ஆணியில்தான் தொங்குகின்றன. மேல் வீட்டு லாப்ரடாருக்கு வயதாகிவிட்டது, பின்னங்கால் வழுக்கும். அதன் வீட்டுக்காரர்கள் முதல் தடவை வெளியூர் போவதற்கு முன்பே என்னைப் பலமுறை கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே நான் அதற்குத் தீனி வைத்தேன், அவர்களோடு சேர்ந்து வாக்கிங் போனேன். இது மிக முக்கியம். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பூட்டைத் திறந்துகொண்டு வருகிற புது மனிதரை நாய் கடித்தால் நாயைக் குறை சொல்ல முடியாது. நான் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து முதலில் காலை வைத்து மறித்துக்கொள்வேன். நாய் காணாமல் போவது பெரும்பாலும் இப்படி ஒருவர் கதவைத் திறக்கும் நொடியில்தான். உள்ளே போனதும் பேச மாட்டேன், தரையில் உட்கார்ந்துவிடுவேன். அது வந்து என் புடவை முந்தானையை முழுக்க மோந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, என் முழங்காலில் தாடையை வைத்த பிறகுதான் தட்டைக் கழுவப் போவேன். அதன் வீட்டுக்காரர் கேமரா வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அது அலமாரிக்குப் பின்னால் போய்த் தேடும். குரல் இருக்கிறது, வாசனை இல்லை. பாவம், இனிமேல் பேசாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

இரவில் அந்த வீட்டிலேயே ஒருவர் வந்து தங்குவது எல்லாவற்றிலும் உத்தமம். அது முடியாதவர்கள் காப்பகத்தில் விடலாம். தடுப்பூசிகளையும், கூட்டத்தில் பரவும் கென்னல் இருமலுக்கான ஊசியையும் நாள் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். ஒருநாள் முன்னோட்டமாக அங்கே விட்டுப் பார்ப்பதும் நல்லது.

யார் பார்த்துக்கொண்டாலும் ஒரு காகிதம் எழுதி வையுங்கள். நாயின் மருத்துவர் பெயர், தொலைபேசி, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, என்ன மருந்து எப்போது, எதைக் கண்டால் மிரளும், எந்த இடத்தில் தொட்டால் கடிக்கும். பெரிய உடம்புக்கார நாய்களுக்கு வயிறு உப்பி இரைப்பை முறுக்கிக்கொள்ளும் நோய் வரும். வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்காது. அப்படி ஒரு நாயைப் பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவில் தூக்கிவந்து எங்கள் மேசையில் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். சம்மதம் சொல்ல ஆளில்லை. அதனால் அறுவை சிகிச்சை செய்யலாமா, எவ்வளவு செலவு வரை போகலாம், உங்கள் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். செல்போனை நம்பிக் கிளம்பாதீர்கள். விமானத்தில் ஏறியதும் அணைக்கவோ ஃப்ளைட் மோடில் போடவோ சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவமனை உதவியாளர்