காவற்கொட்டிலில் படுக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கிளிநொச்சிக் காணியை நீ மீண்டும் விதைத்திருப்பதை அப்பப்பா இருந்து கண்டிருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் காவற்கொட்டிலில் வெறும் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறாய் என்று அக்கா சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

கட்டுவிரியன் பாம்பு பெரும்பாலும் இரவில், நிலத்தில் உறங்குபவரைத்தான் கடிக்கும். நோவும் வீக்கமும் இல்லாததால் கடிபட்டதையே அறியாமல் விடியற்புறம் வயிற்றுவலியென்று எழும்புவார்கள்; பிறகு கண்மடல்கள் தொங்கி, விழுங்க இயலாமல் போய், மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். அந்த நிலையில் பிந்தி ஏற்றும் விஷமுறிவு மருந்து நரம்பின் சேதத்தை மீட்காது. செயற்கைச் சுவாசந்தான் ஆளைக் காக்கும். தாதியாக இருந்து கண்டவள் சொல்கிறேன், கட்டிலில் படு. நுளம்புவலையின் ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிவிடு.

அக்கா அனுப்பிய படத்தில் உன் கணுக்காலில் துணி சுற்றியிருந்தது. முள் குத்தியதென்று அவளிடம் சொன்னாயாம், நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பக்கத்தில் சிலர் பாம்பு கடித்தால் முதலில் மந்திரம் சொல்லிப் பார்வை பார்ப்பவரிடமே ஓடுகிறார்கள் என்று அறிந்தேன். 2012-13இல் நாடெங்கும் வீடுவீடாக எடுத்த கணிப்பின்படி, இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் விஷம் ஏறுவது சுமார் 30,000 பேருக்கே. மற்றவர்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் தப்புவார்கள்; அப்படித் தப்பியதைத்தான் மந்திரத்தின் பலன் என்கிறார்கள். புடையன் (கண்ணாடிவிரியன்) கடித்தவருக்கோ அந்தத் தாமதம் சிறுநீரகத்தையே பறித்துவிடும். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்து உறைகிறதா என்று பார்ப்பதும், விஷமுறிவு மருந்தை ஏற்றி அதனால் வரக்கூடிய ஒவ்வாமையைக் கவனிப்பதும் ஆஸ்பத்திரியில்தான் முடியும். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் இல்லை. படித்த பிள்ளை நீ. உனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தவனே நிலத்தில் படுப்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

அறுவடைக்கு இறங்கும்போது முழங்கால்வரை பூட்ஸ் போடு. இருட்டில் ரோச் லைற் இல்லாமல் வரப்பில் கால் வைக்காதே. கடித்தால் இறுகக் கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே. பாம்பைத் தேடி அடிக்கவும் போகாதே. காலை அசைக்காமல் கிடத்தி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழைக்கச் சொல். மோட்டார் சைக்கிளை நீயே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒரு நோவும் இல்லை என்றாலும் போ.

கட்டிலுக்குக் காசு அனுப்பியிருக்கிறேன். அதைப் பசளைக்குச் செலவழிக்காமல் இந்தக் கிழமையே கட்டிலை வாங்கிப் போட்டுப் படு.

அன்புடன்,
அம்மா