டேட்டா ஷீட் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளாஸ்டிக், காம்போசிட் மூலப்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களின் தொழில்நுட்பப் பிரிவினருக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாக இழுவிசைச் சோதனை எந்திரத்தின் முன்னால் நிற்பவன் நான். உங்கள் டேட்டா ஷீட்டில், அதாவது பொருளின் பண்புகளை எண்களாகப் பட்டியலிடும் தாளில், உள்ள எண்ணும் எங்கள் எந்திரம் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், முதல் கேள்வி எங்களுக்குத்தான் வரும். "உங்க லோடு செல் சரியா இருக்கா?" என்பார்கள். எந்திரத்தில் விசையை அளக்கும் அந்தப் பாகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உங்கள் எண்ணும் பொய்யில்லை. எந்த நிலையில் எடுத்த எண் என்பதுதான் தாளில் இருக்காது.

நைலானையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து வந்த கையோடு, உலர்ந்த நிலையில் சோதித்தால் நைலான் 6-இன் இழுவிசை மாடுலஸ், அதாவது இழுக்கும்போது அது காட்டும் விறைப்பு, சுமார் 3 ஜிகாபாஸ்கல். 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சமநிலைக்கு வந்த பிறகு சோதித்தால் அது 1 ஜிகாபாஸ்கல் அருகே இறங்கிவிடும். இரண்டும் அதே பொருள்தான், பிளாஸ்டிக்குக்கான அதே ஐ.எஸ்.ஓ 527 இழுவிசைச் சோதனைதான். உலர்நிலை எண்ணை நம்பி வடிவமைத்த ஒரு தாங்கி, சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவு தொய்ந்து எங்களிடம் வந்தது. வடிவமைத்த இளைஞர் தாளைத் தவறாகப் படிக்கவில்லை. 'உலர்நிலை' என்ற ஒரு சொல் அதில் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மோதல் வலிமையை ஈரம் ஏறிய மாதிரியில் அளந்து போட்டிருப்பீர்கள். வாங்கியவர் அன்றைக்கு வார்த்த கிளிப்பை அன்றைக்கே மாட்டுவார், இன்னும் ஈரம் ஏறாத அது பட்டென்று உடையும். ஒரே தாளில் மாடுலஸை உலர்நிலையிலும் மோதல் வலிமையை ஈரநிலையிலும் எடுத்துப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்தது, இழையின் திசை. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில் டம்பெல் மாதிரியின் (இரு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கிய சோதனைத் துண்டின்) அச்சை ஒரு முனையிலிருந்து நிரப்புகிறோம். உருகிய பொருள் ஓடும் வாக்கில் இழைகளும் நீளவாக்கில் படுத்துக்கொள்கின்றன. அதாவது அந்தப் பொருளால் தர முடிந்த ஏறக்குறைய மிகச் சிறந்த எண் அது. ஆனால் உண்மையான பாகத்தில் துளைகள் இருக்கும். துளையைச் சுற்றிப் பிரிந்து வந்த இரண்டு ஓட்டங்கள் மறுபக்கம் சந்திக்கும். அந்த இணைப்புக் கோட்டை இழைகள் அவ்வளவாகக் கடப்பதில்லை. வலிமை அங்கே பாதியாகக்கூடக் குறையலாம், பாகமும் பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும். மாதிரியை இரு முனைகளிலிருந்தும் நிரப்பினால் அந்தக் கோடு நடுவில் விழும். அப்படிச் சோதித்த எண்ணை ஏன் அச்சிடுவதில்லை?

இழைகளைப் பிசினில் பதித்துச் செய்யும் காம்போசிட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஒரே திசையில் இழை அடுக்கிய கார்பன்–எப்பாக்ஸி தகடு, இழைவாக்கில் 2000 மெகாபாஸ்கல் அளவுக்குத் தாங்கும். குறுக்கே இழுத்தால் 50 சொச்சத்தில் பிளந்துவிடும். முதல் எண் தடித்த எழுத்தில் இருக்கிறது, இரண்டாவதைத் தேட வேண்டியிருக்கிறது. அழுத்த வலிமையும் இழுவலிமையைவிடக் குறைவு. அதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

அப்புறம், சராசரி. ஐந்து மாதிரிகளின் சராசரியை மட்டும் பார்த்து யாராலும் பாதுகாப்பாக வடிவமைக்க முடியாது. விமானத் துறையில் 'பி-பேசிஸ்' என்று ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள்: பொருளின் 90 சதவீதமாவது அதற்கு மேல் தாங்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய எண் அது. அதைக் கணக்கிட நிறைய மாதிரிகள் வேண்டும், செலவாகும், புரிகிறது. எல்லாப் பொருள் வகைக்கும் அதைக் கேட்கவில்லை. எத்தனை மாதிரிகள், திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறியிருக்கும் அளவு) எவ்வளவு என்ற இரண்டும் உங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை எழுதுங்கள்.

மாதிரி எங்கே உடைந்தது என்பதையும் சொல்லுங்கள். எந்திரம் மாதிரியைக் கவ்வும் பிடியின் ஓரத்தில் உடைந்திருந்தால், பிடி கடித்த விதமும் அந்த எண்ணில் கலந்திருக்கும். உடைந்த ஐந்து துண்டுகளையும் வரிசையாக வைத்து எடுத்த ஒரு படம் போட்டால்கூடப் போதும். எங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்தே பாதி விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

அன்புடன்,
ஒரு சோதனைக்கூடப் பணியாளர்