ஹேங் ஆனால் தானாக எழ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் செய்த கருவிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது, கேஸ் கசிந்தால் அலாரம் அடிப்பது, கோழிப்பண்ணையில் சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டுவது என்று பலவற்றுக்குள்ளும் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர்தான் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர்) வேலை செய்கிறது. படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த சிப் பாதியில் ஹேங் ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் கோவையில் ஸ்பின்னிங் மில் மெஷின்களின் போர்டுகளைப் பழுது பார்ப்பவன். பாலியஸ்டர் ஓடும் மில்லில் காற்றில் ஈரப்பதம் குறைந்துவிட்டால் ஸ்டேட்டிக் (உராய்வில் சேரும் மின்சாரம்) தொல்லை தாங்காது. ஆபரேட்டர் பட்டனில் விரல் வைக்கப்போகும்போது 'டிக்' என்று ஒரு பொறி, அதோடு டிஸ்பிளேயில் ஓடிக்கொண்டிருந்த எண் அப்படியே நின்றுவிடும். போர்டைக் கழற்றிப் பார்த்தால் எதுவும் எரிந்திருக்காது. மெயினை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும், பழையபடி ஓடும். அந்தப் பொறி ஒரு நானோ செகண்டுக்குள் உச்சத்துக்குப் போய்விடுகிறது. கருவிகள் இப்படிப்பட்ட பொறியைத் தாங்குமா என்று பார்க்கும் ஐஇசி 61000-4-2 என்ற சர்வதேச சோதனையில் 8 கிலோவோல்ட்டை நேராகத் தொட்டுச் செலுத்தினால் உச்ச கரன்ட் 30 ஆம்பியர் வரை போகும். இதில் சிப்புக்குள் ஒரு பிட் மாறினாலே புரோகிராம் எங்கேயோ தாவி, வெளியே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே ஆன் நிலையில் இருந்தால் அது ஆனிலேயே நிற்கும், தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டார் நிற்காது.

இதற்கு மருந்து சிப்புக்குள்ளேயே, காசு கொடுக்காமல், இருக்கிறது. வாட்ச்டாக் டைமர். புரோகிராம் குறித்த நேரத்துக்குள் 'நான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று அதற்கு சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கொடுக்கத் தவறினால் அது சிப்பையே ரீசெட் செய்துவிடும். மாணவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்பில் இதற்கென்று தனியாக 128 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டரே (கிளாக் துடிப்பு தரும் சர்க்யூட்) உண்டு, 16 மில்லி செகண்டிலிருந்து 8 செகண்ட் வரை நேரம் வைத்துக்கொள்ளலாம். முக்கிய கிளாக் நின்றுபோனாலும் வாட்ச்டாக் நிற்காது. இத்தனை இருந்தும் என் கைக்கு வரும் போர்டுகளில் பலவற்றில் இதை ஆன் செய்யாமலே விட்டிருக்கிறார்கள்.

ஆன் செய்தவர்களும் பலர் தப்பான இடத்தில் சிக்னல் கொடுக்கிறார்கள். டைமர் இன்டரப்டுக்குள் (குறித்த இடைவெளியில் மற்ற வேலையை இடைமறித்து ஓடும் பகுதி) அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். மெயின் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் முக்கிய புரோகிராம்) செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், வாட்ச்டாக்கும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருக்கும். சென்சரைப் படித்தாயிற்று, கணக்குப் போட்டாயிற்று, ரிலேயைத் தீர்மானித்தாயிற்று என்று ஒவ்வொரு வேலையும் முடிந்ததைச் சரிபார்த்த பிறகு மெயின் லூப்பின் கடைசியில் ஒரே ஒரு இடத்தில்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், ரீசெட் ஆனால் மட்டும் போதுமா? ரீசெட்டின்போது சிப்பின் கால்கள் எந்தப் பக்கமும் இழுக்காமல் மிதக்கும், அப்போது ரிலே தானாக ஆஃப் ஆக ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டரின் பேஸில் அதைக் கிரவுண்டுக்கு இழுத்து வைக்கும் ஒரு புல்-டவுன் ரெசிஸ்டர் வேண்டும். ஐ2சி (டேட்டா, கிளாக் என்ற இரண்டு லைனில் பேசும் முறை) சென்சர் டேட்டா லைனைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் சிப் எழுந்தும் பிரயோஜனம் இல்லை, கிளாக் லைனில் 9 பல்ஸ் கொடுத்து அதை விடுவிக்க வேண்டும். எதனால் ரீசெட் ஆனது என்று சிப் ஒரு ரெஜிஸ்டரில் குறித்து வைக்கிறது, அதைப் படித்து ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத மெமரி) எண்ணிக்கை சேர்த்து வைத்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். பழைய பூட்லோடர் (சிப் எழுந்ததும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) உள்ள ஆர்டுயினோ நானோ போர்டுகளில் வாட்ச்டாக் ஒருமுறை ரீசெட் செய்துவிட்டால் சிப் ரீசெட்டிலேயே சிக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயந்துபோய் மாணவர்கள் அந்த வரியையே அழித்துவிடுகிறார்கள். பூட்லோடரை ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடருக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

வாட்ச்டாக் சர்வரோக நிவாரணி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொறியின் தாக்கத்தில் சிப்புக்குள் லாட்ச்-அப் ஆகி, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கரன்ட் பாய்ந்து சிப் கொதிக்க ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் வாட்ச்டாக்கால் ஒன்றும் செய்ய முடியாது, சப்ளையையே துண்டித்தால்தான் அது விடும். அந்த இடங்களில் சப்ளையை வெட்டி மறுபடி கொடுக்கும் வெளி வாட்ச்டாக் சர்க்யூட் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் நல்ல எர்த்தும், கனெக்டர் பக்கத்திலேயே திடீர் உயர் வோல்ட்டேஜை அடக்கும் டிவிஎஸ் டயோடும் வேண்டும்.

மேலே சொன்ன ஐஇசி சோதனையிலும் கருவி தானாக மீண்டு வந்தால் ஒரு தரம், ஒருவர் வந்து ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் மீளும் என்றால் அதற்கும் கீழான தரம். நமது பொறியியல் கல்லூரிகளில் புராஜெக்ட் வைவாவுக்கு வரும் தேர்வாளர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். பெரிய லேப் தேவையில்லை. போர்டை பேட்டரியில் ஓடவிட்டு, பக்கத்தில் கேஸ் அடுப்பு லைட்டரைச் சில தடவை அழுத்தச் சொல்லுங்கள், ஹேங் ஆகும் போர்டு பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
போர்டு பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்