வெடித்த குக்கரைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழுதான பொருளாலோ தவறான சிகிச்சையாலோ காயம்பட்டவர்களுக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமைகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் அவ்வப்போது எழுதி வருகிறது. அந்த உரிமையை நிலைநாட்டத் தேவையான சான்று நம் நெல்லைச் சீமையில் எவ்வளவு எளிதாகக் கைநழுவிப் போகிறது என்பதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

சென்ற ஆண்டு என் மதினி அடுப்படியில் நின்றிருந்தபோது குக்கர் வெடித்து, கொதித்த பருப்பு அவர்கள் வலது கையிலும் கழுத்திலும் தெறித்தது. மறுநாளே அண்ணன் அந்தக் குக்கரை டவுனில் வாங்கிய கடைக்கே எடுத்துப் போனார். கடைக்காரர் மிகவும் வருத்தப்பட்டு, புதுக் குக்கர் ஒன்றைக் கொடுத்துவிட்டு வெடித்ததை வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்றுதான் நாங்களும் எண்ணினோம். பிறகு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தபோது, காட்டுவதற்கு எங்களிடம் மூடியும் இல்லை, வால்வும் இல்லை. பில் என்று இருந்தது, கடையின் பெயர்கூட இல்லாமல் பேனாவால் தொகை மட்டும் எழுதப்பட்ட துண்டுச் சீட்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளரை மட்டுமன்றி, சில சூழல்களில் விற்றவரையும் பொறுப்பாக்குகிறது. பழுது உண்டா என்று பார்க்க அந்தப் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது. ஆனால், பொருளே கையில் இல்லாதவர் எதை அனுப்பச் சொல்வார்? 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்கக் கூடாது என்றிருக்க, எங்கள் குக்கரில் அந்த முத்திரை இருந்ததா என்பதைக்கூட இனி அறிய வழியில்லை.

மருத்துவத்திலும் இதே நிலைதான். கட்டணம் பெற்றுத் தரப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சிகிச்சை பலிக்காமல் போவதெல்லாம் மருத்துவரின் கவனக்குறைவு ஆகிவிடாது என்பதையும் நான் அறிவேன். எது கவனக்குறைவு, எது நோயின் போக்கு என்று பிரித்துக் காட்டுவது, அளித்த சிகிச்சையை மருத்துவமனை எழுதி வைக்கும் கேஸ் ஷீட்தான். நேர்மையாகச் சிகிச்சை அளித்த மருத்துவரைக் காப்பாற்றுவதும் அதுவே. நோயாளியோ அவர் சார்பில் உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அப்படியிருந்தும், டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு தாளை வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் கேட்கலாம் என்பதே தெரியாமல் ஊருக்குப் பஸ் ஏறும் குடும்பங்களை அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். உள்நோயாளிகளின் ஆவணங்களை மருத்துவமனை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும்; புகார் கொடுக்கவோ 2 ஆண்டுகள்தான் அவகாசம். துக்கத்திலும் தயக்கத்திலும் அந்தக் காலம் ஓடிவிடுகிறது.

பொருளுக்கோ சிகிச்சைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் தாமே வாதாடவும் செய்யலாம். ஆகவே ஏழைகளைத் தடுப்பது பணத்தைவிடக் கையில் காகிதம் இல்லாமைதான் என்பது என் உறுதியான எண்ணம். மாவட்ட ஆட்சியர் அவர்கள், தனியார் மருத்துவமனைகளின் பில் கவுண்ட்டர்களில் இந்த 72 மணி நேர விதியைத் தமிழில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பாத்திரக் கடைகளில் துண்டுச் சீட்டுக்குப் பதிலாக முறையான பில் தரப்படுகிறதா என்பதை அதிகாரிகளை அனுப்பிச் சோதிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.