மொசாம்பிக்கின் டெட்டேயில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய தவளைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளுத்துப்போய், நட்ட நடு வெயிலில் ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு நோய் ஒன்றும் இல்லை. பாவம் என்று எடுத்துக் குளியலறைக்குள் விட்டுவிடாதே. வறட்சி மாதங்களை அது அப்படித்தான் கழிக்கும். வெள்ளைத் தோல் வெயிலைத் திருப்பி அடித்துவிடும். தோல் வழியே தண்ணீர் போவதும் மற்றத் தவளைகளைவிட மிகக் குறைவு. சிறுநீரில்கூடச் சிக்கனம்: பறவை, பல்லி மாதிரி கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. தவளைகளில் இது அபூர்வம்.

உன்னோடு வேலை பார்ப்பவர் அதை நாணல் தவளை என்றாராம். அவர்மேல் தப்பில்லை, சில நாணல் தவளைகளும் வறட்சியில் வெளுக்கும். ஆனால் அவை கட்டைவிரல் அளவுதான். இது பெண்ணாக இருந்தால் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வரை வளரும். முன்னங்கையைப் பார். விரல்கள் இரண்டு இரண்டாக எதிரெதிரே பிரிந்து கம்பியை இடுக்கிப் பிடித்திருக்கின்றன. அதை வைத்துத்தான் எனக்கு உறுதியானது. கைரோமான்டிஸ் செரம்பெலினா, நுரைக்கூடு கட்டும் மரத்தவளை.

நாணல் தவளைகள் ஆப்பிரிக்காவின் சொந்தக் குடும்பம். உன் ஜன்னலில் இருப்பது ராக்கோஃபோரிடே என்ற மரத்தவளைக் குடும்பம். நம் வீட்டுக் கிணற்றடியில் மழைக்கு வருமே அந்தப் பழுப்பு மரத்தவளை, அதே குடும்பம்! மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்கி ஜப்பான் வரைக்கும் இந்தக் குடும்பம் பரவிக் கிடக்கிறது. ஆப்பிரிக்காவில் இருப்பது கைரோமான்டிஸ் என்ற ஒரே பேரினம்தான். ஒரு காலத்தில் அசாம், பர்மா பக்கத்துச் சின்ன மரத்தவளைகள் சிலவற்றையும் இதற்குள் சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அவற்றைத் தனியே பிரித்துவிட்டார்கள். அந்தப் பெயர் இப்போது ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு மட்டும். நான் பாடம் நடத்திய புத்தகங்களில் பாதிப் பெயர்கள் இப்படி மாறிவிட்டன. ரிட்டையர் ஆனது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று சொன்னால் நீ சிரிப்பாய். பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் 1840களில் மொசாம்பிக்கில் சுற்றிச் சேகரித்த உயிரினங்களில் இதுவும் ஒன்று. 1854-இல் பெயர் வைத்தபோது, கிடைத்த இடம் என்று அவர் குறித்தது டெட்டேயையும் செனாவையும். நிலக்கரிச் சுரங்க ஊர் என்று அலுத்துக்கொள்கிறாயே, தவளைக்காரர்களுக்கு அது பெயர் பெற்ற ஊர்.

டெட்டேயோடு நிற்கவில்லை. கென்யாவில் தொடங்கி தான்சானியா, மலாவி, ஜிம்பாப்வே வழியாகத் தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு வரை, மேற்கே சாம்பியா, போட்ஸ்வானாவின் வடக்கு, அங்கோலா என்று புல்வெளியும் மரமும் கலந்த நிலமெல்லாம் இருக்கிறது. அடர்ந்த மழைக்காட்டுக்குள் போகாது. அங்கே இதன் உறவு வேறொன்று இருக்கிறது.

மழை இறங்கியதும் குட்டைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைப் பார். பெண் தவளை ஒரு திரவத்தை விட்டு, பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கும். சுற்றி ஆண்கள் பலர் ஒட்டிக்கொண்டு காலால் கடைவார்கள். ஒரே கூட்டில் பல தகப்பன்கள்! நடுவில் தாய்க்குத் தண்ணீர் வற்றிப்போனால் இறங்கிப் போய் உடம்பை நனைத்துக்கொண்டு வந்து வேலையைத் தொடரும். நுரையின் மேல்பக்கம் காய்ந்து ஓடாகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நழுவிக் கீழே தண்ணீரில் விழும்.

எனக்கு அந்த நுரைக்கூட்டின் படம் வேண்டும். நவம்பரிலேயே லீவு போடாதே, டிசம்பர் கடைசியில் வந்தால் போதும். அப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா